ஒரு பேருந்துக் குடும்பத்தின் வரலாறு நமக்குச் சொல்வது

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டுக் கூட்டத்தில் வணிகம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்தனர். வணிகத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது எளிது. "நாணயமாக இருங்கள், நன்கு உழையுங்கள்" என்று கூறிவிட்டு அமர்ந்துவிடலாம். அதைக் கேட்டு எழுந்து சென்று, மறுநாள் காலையில் தம் கடையை வேறுவிதமாக நடத்தியவர் எவரையும் நாம் கண்டதில்லை. எனவே பொது அறிவுரையை விடுத்து, ஒரே ஒரு குடும்பத்தின் தொழில் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து நமக்கு வேண்டியதை நாமே தேடி எடுத்துக்கொள்வோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது மதுரையின் டி.வி.எஸ். குடும்பம். இன்றைய இளைஞர்களுக்கு அந்த மூன்றெழுத்து இருசக்கர வண்டியின் பெயர். அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்த பெரியவர்களுக்கோ அது முதலில் பேருந்தின் பெயர். ஒரே குடும்பத்தின் பெயர் இரு தலைமுறைக்கு இருவேறு பொருளைக் குறிப்பதற்கு இடையில் ஒரு பெரிய இழப்பு நிகழ்ந்திருக்கிறது. அறுபது ஆண்டுக்காலம் நடத்திய தாய்த்தொழிலை அக்குடும்பம் 1972-ஆம் ஆண்டில் அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அவ்வாறு ஒப்படைத்த பின்னும் அது விழவில்லை. ஏன் விழவில்லை என்ற ஒரு கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொடக்கம்

திருக்குறுங்குடி சுந்தரம் அய்யங்கார் 1877-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். சட்டத்துறையில் தொடங்கி, ரயில்வேயிலும் பின்னர் வங்கியிலும் பணியாற்றினார். மாதச் சம்பளம் தவறாமல் வரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, முப்பத்து நான்காம் வயதில், 1911-இல் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1912-இல், மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். நிறுவனத்தின் பெயரை டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்றே அமைத்தார். மகன்களையும் பெயரிலேயே சேர்த்த அந்த முடிவு, இத்தொழில் தம் ஆயுளோடு முடிவதன்று என்ற எண்ணத்தைக் காட்டுகிறது எனலாம்.

அக்காலத்து நிலையை நாம் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரைக்கு ரயில் 1875-லேயே வந்துவிட்டது. மறு ஆண்டில் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை நீண்டது. ஆனால் இருப்புப்பாதைக்கு இருமருங்கிலும் விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியுமே கதி. வணிகம் செழித்த செட்டிநாட்டுப் பகுதிக்குக்கூட 1930-ஐ ஒட்டித்தான் ரயில் வந்தது. சந்தைக்குப் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்றிருந்த வாழ்க்கையில், காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்பது கனவுக்கு ஒப்பானது.

அந்தக் கனவைத் தொழிலாக்குவதில் இடர்ப்பாடுகள் பல. வண்டியின் அடித்தளமும் இயந்திரமும் கடல் கடந்து வந்தன. அதன்மேல் மரத்தால் கூடு அமைப்பவர் நம் ஊர்த் தச்சர். பெட்ரோலும் டயரும் வெளியிலிருந்தே வர வேண்டும். ஓர் உறுப்பு முறிந்தால் மாற்று உறுப்பு கப்பலில் வரும் வரை வண்டி நின்றுவிடும். ஓட்டத் தெரிந்தவரும் அரியர். பழுது நீக்கத் தெரிந்தவர் அவரினும் அரியர். சாலையோ மாட்டு வண்டிக்காகப் போடப்பட்டது. மாட்டின் குளம்புகளில் அடித்த லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் வழியெங்கும் கிடந்தன. ரப்பர்ச் சக்கரத்திற்கு அதைவிடப் பெரிய பகை வேறில்லை.

இந்த ஆணிகள் பற்றி மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வதுண்டு. பேருந்து செல்லும் சாலைகளில், காந்தம் பொருத்திய வண்டியை டி.வி.எஸ். நிறுவனத்தார் முன்கூட்டியே ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுவார்களாம். சாலை அவர்களுடையதன்று, ஆணியும் அவர்கள் போட்டதன்று. ஆயினும் பயணியிடம் "வழியில் ஆணி குத்திவிட்டது" என்று காரணம் சொல்வதற்கு மாறாக, காரணத்தையே பொறுக்கி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார்கள். இச்செய்தி தலைமுறை தாண்டியும் பேசப்படுவதற்கு அதுவே காரணம்.

சொன்ன நேரத்தில் வரும் வண்டி

டி.வி.எஸ். பேருந்தைப் பற்றி மதுரை வட்டாரத்தில் வழங்கும் மற்றொரு பேச்சு, அது வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது. இதில் சற்று மிகை இருக்கலாம். ஆனால் எல்லாரைப் பற்றியும் இவ்வாறு மிகையாகப் பேசமாட்டார்கள் அல்லவா?

நேரம் தவறாமையை நாம் பெரும்பாலும் ஒருவருடைய நற்குணமாக மட்டும் கருதுகிறோம். பேருந்துத் தொழிலில் அது பலருடைய உழைப்பைக் கோர்த்த ஏற்பாடு. காலை ஐந்தரை மணிக்கு ஒரு வண்டி புறப்பட வேண்டுமாயின், முந்தைய இரவே பணிமனையில் அதன் சக்கரங்களைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் நிரப்பியிருக்க வேண்டும். தேய்ந்த உறுப்பை, அது முறியும் வரை காத்திராமல், முன்னதாகவே மாற்றியிருக்க வேண்டும். ஓட்டுநர் வரவில்லை என்றால் மாற்று ஓட்டுநர் அங்கே இருக்க வேண்டும். வண்டி பழுதானால் மாற்று வண்டி நிற்க வேண்டும். இத்தனையும் எவர் கண்ணுக்கும் தெரியாமல் இரவில் நடந்தால்தான், காலையில் நிறுத்தத்தில் நிற்கும் ஒரு மூதாட்டியின் முன் அந்த வண்டி உரிய நேரத்தில் வந்து நிற்கும்.

கணக்கும் அவ்வாறே. பேருந்துத் தொழிலில் பணம் முதலாளியின் கண்ணெதிரே வருவதில்லை. ஐம்பது கல் தொலைவில் ஓடும் வண்டியில், நடத்துநரின் தோல் பையில், அணா அணாவாகச் சேர்கிறது. கொடுத்த பயணச்சீட்டின் வரிசை எண்ணையும் பையில் உள்ள காசையும் அன்றாடம் ஒப்பிட்டுப் பார்த்து ஏட்டில் எழுதாவிட்டால், எவ்வளவு பெரிய நிறுவனமும் ஓராண்டில் ஓட்டாண்டியாகிவிடும். ஆகவே ஒழுங்கான கணக்கு என்பது இத்தொழிலுக்கு உயிர்மூச்சு. "மாலையில் பார்த்துக்கொள்ளலாம்", "மாதக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்" என்பதற்கு இங்கு இடமில்லை. வேறு தொழிலில் இறங்கியபோதும் இந்தப் பழக்கம் அக்குடும்பத்திற்குக் கைகொடுத்தது என்று துணிந்து கூறலாம்.

போர்க்காலமும் கரிவாயுவும்

இரண்டாம் உலகப்போர் இத்தொழிலுக்கு வந்த பெருஞ்சோதனை. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. பெட்ரோல் இன்றிப் பேருந்து எவ்வாறு ஓடும்?

இவ்விடத்தில்தான் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலனைத் தானே வடிவமைத்துச் செய்தது. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அது பெயர் பெற்றது. கரிவாயு வண்டியின் செயல்முறை இதுதான். வண்டியோடு ஓர் உலை பொருத்தப்படும். அதில் அடுப்புக்கரியை இட்டு, குறைந்த அளவு காற்றில் எரிய விடுவார்கள். முழுமையாக எரியாத கரியிலிருந்து எழும் வாயுவைக் குளிரவைத்து, வடிகட்டி, இயந்திரத்திற்குள் செலுத்துவார்கள். பெட்ரோல் தரும் வலிமையை அது தராது. விடியற்காலையில் உலை மூட்டி, விசிறியைச் சுற்றி, வாயு எழும் வரை காத்திருக்க வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. கரித்தூள் படிந்த சட்டையோடு ஊர் சேர்ந்தவர்களின் கதைகளை நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்போம்.

ஆயினும் வண்டி ஓடியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெட்ரோல் இல்லை என்று வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போர் முடியும் நாளை எதிர்பார்த்திருந்தால், குறை சொல்ல எவருக்கும் வாய் இருந்திராது. ஆனால் பட்டறையில் உலோகத்தை வளைக்கவும் ஒட்டவும் இயந்திரத்தின் இயல்பை அறியவும் கற்றிருந்த ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளாக வண்டிகளைப் பழுது பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு, நெருக்கடி வந்த நாளில் உலையாக உருவெடுத்தது.

பட்டறை பெற்ற பிள்ளைகள்

பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்திலேயே வேறு தொழில்கள் முளைத்தன. வண்டிக்கு வேண்டிய உதிரி உறுப்புகளைத் தேடித் தேடி வாங்கியவர்கள், அவற்றை விற்கும் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வண்டிகளை விற்கவும் பழுது பார்க்கவும் சுந்தரம் மோட்டார்ஸ் வந்தது. வண்டி வாங்கப் பணமில்லாதவர்க்குத் தவணையில் நிதி தரும் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தை, மகன்களுள் ஒருவரான டி.எஸ். சந்தானம் 1954-இல் தொடங்கினார்.

சுந்தரம் அய்யங்கார் 1955-இல் தம் 78-ஆம் வயதில் மறைந்தார். அதற்கு முன்னரே பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றிருந்தார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் அதற்கு வருவோம்.

தந்தைக்குப் பின் வந்தவர்கள் தொழிற்சாலைகளைத் தொடங்கினார்கள். நாடு விடுதலை பெற்ற பின், அயல்நாட்டிலிருந்து வண்டிகளை இறக்குமதி செய்வது குறைந்து, இங்கேயே செய்யும் காலம் பிறந்தது. சென்னையில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. வண்டி இங்கே உருவானால் அதன் உறுப்புகளும் இங்கே உருவாக வேண்டும் அல்லவா? 1960-இல் வீல்ஸ் இந்தியா. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்.; 1962-இல் பிரேக்ஸ் இந்தியா; அதே ஆண்டில் சுந்தரம் கிளேட்டன்; 1966-இல் உற்பத்தி தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். இவற்றின் தொடக்கம் சென்னையை அடுத்த பாடியில்.

இந்நிறுவனங்கள் செய்த பொருள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று சக்கரம் செய்தது. ஒன்று இயந்திரத்தை இயக்கிவிடும் ஸ்டார்ட்டரும் மின்கருவிகளும் செய்தது. ஒன்று பிரேக் செய்தது. ஒன்று கனரக வண்டிக்கு வேண்டிய காற்றழுத்தப் பிரேக் செய்தது. ஒன்று போல்ட், நட்டு செய்தது. இவை அனைத்தும் ஒரு பேருந்தின் உறுப்புகள்! மதுரைப் பணிமனையில் எந்தெந்த உறுப்பு இல்லாமல் வண்டி நின்று போயிற்றோ, எந்தெந்த உறுப்புக்காகக் கப்பலை எதிர்நோக்கினார்களோ, அவ்வுறுப்புகளையே பிள்ளைகள் தொழிலாக்கிக்கொண்டார்கள். முன்பின் அறியாத தொழிலில் அவர்கள் குதிக்கவில்லை. தாங்கள் பட்ட அல்லலையே முதலீடாக ஆக்கினார்கள்.

1972

இப்போது அந்த இழப்புக்கு வருவோம்.

சென்னை நகரப் பேருந்துகளை அரசு 1947-48-ஆம் ஆண்டுகளிலேயே ஏற்று நடத்தத் தொடங்கிவிட்டது. 1967-க்குப் பின்னர் நெடுந்தூர வழித்தடங்களும் படிப்படியாக அரசுடைமையாயின. கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, பெருந்தொகையாகப் பேருந்துகளை வைத்திருந்த நிறுவனங்களின் வண்டிகளை அரசு ஏற்றுக்கொள்வதற்கான சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. டி.வி.எஸ். குடும்பத்தின் பேருந்துகள் அதன் உடைமையாயின.

இந்த நிலை அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கி, அவர் மகன் நா. மகாலிங்கம் வளர்த்த ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் வண்டிகள் சேரன் போக்குவரத்துக் கழகத்திற்குச் சென்றன. கும்பகோணத்தில் புகழோடு விளங்கிய ராமன் அண்டு ராமன் நிறுவனத்தின் வண்டிகள் சோழன் போக்குவரத்துக் கழகத்திற்குச் சென்றன. மூவேந்தர் பெயர் தாங்கிய மூன்று கழகங்களின் அடித்தளத்திலும் ஒவ்வொரு குடும்பத்தின் உழைப்பு கிடந்தது எனின் மிகையாகாது. 1997-இல் அரசுக் கழகங்கள் பலவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் ஒரே பெயரின் கீழ் வந்தன.

அரசுடைமை சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. வருவாய் மிகுந்த வழித்தடங்களை மட்டும் நாடிய தனியார் அக்காலத்தில் பலர் உண்டு. வருவாய் குறைந்த கிராமங்களுக்கும் பேருந்து சென்றது அரசுக் கழகங்களின் காலத்தில்தான் பெரிதும் நிகழ்ந்தது. பள்ளி மாணவர்க்கு இலவசப் பயணச்சீட்டு, 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் ஆகியவற்றின் பயனை நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் அடைந்தே வருகின்றனர். அதே வேளையில், சொன்ன நேரத்தில் வந்த அந்தப் பழைய வண்டியை ஏக்கத்தோடு நினைவுகூர்வோரும் உண்டு. இரண்டும் உண்மையே.

நமக்கு வேண்டிய செய்தி வேறு. பேருந்துத் தொழில் முழுவதும் ஓர் அனுமதிச் சீட்டின் மேல் நிற்கிறது. இன்ன வழித்தடத்தில், இன்ன நேரத்தில், இன்ன கட்டணத்தில் ஓட்டலாம் என அரசு வழங்கும் பர்மிட் அது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திற்குப் பின் அது இல்லாமல் ஒரு நடைகூடப் பேருந்து ஓட்ட முடியாது. அனுமதியைக் கொடுத்த கை ஒருநாள் அதைத் திரும்பப் பெறலாம். அரசு வண்டியை எடுத்துக்கொண்டது, வழித்தடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் அறுபது ஆண்டுகளாக வளர்த்த தொழிலறிவை எடுத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. அன்றாடக் கணக்கு எழுதும் பழக்கத்தையும், ஊரார் அப்பெயரின் மேல் வைத்த நம்பிக்கையையும் எந்தச் சட்டமும் கையகப்படுத்த இயலாது. பேருந்து போன நாளில், பட்டறையிலிருந்து பிறந்த தொழிற்சாலைகள் ஏற்கெனவே பத்தாண்டு வளர்ந்து நின்றன.

அதன் பின் நடந்தவற்றை நாம் அறிவோம். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பால்காரர், துணி வியாபாரி, பள்ளி ஆசிரியர் எனச் சிறு வருவாய்க் குடும்பங்களின் வண்டியாக அது ஊர்தோறும் ஓடியது. நம் தெருக்களிலும் பின் இருக்கையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அது ஓடாத நாளில்லை. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்திற்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை, இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது. பேருந்து நிறுத்தத்தில் மூதாட்டியைக் காத்திருக்க விடாத அந்தப் பழைய ஒழுங்கின் நீட்சியாகவே இப்பரிசை நாம் காண்கிறோம்.

குடும்பமும் பங்கும்

தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவையில் சுந்தரம் அய்யங்காரின் மகளைப் பற்றியும் கூற வேண்டும். டாக்டர் சௌந்தரம், அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்டவர். கணவர் மருத்துவர், இளமையிலேயே இறந்துவிட்டார். இளம் கைம்பெண் வீட்டின் மூலையில் முடங்க வேண்டும் என்றிருந்த காலத்தில், அவர் டெல்லி சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பின்னர் காந்தியடிகளின் வழியில் வந்த ஜி. ராமச்சந்திரனை 1940-இல் மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அது இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1962-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அரசும் எடுத்துக்கொள்ள இயலாத சொத்து என்று சற்றுமுன் கூறினோமே, அந்த வரிசையில் ஒரு பெண் பெற்ற கல்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பங்கு பற்றி. தொழிலைத் தொடங்குவது ஒருவர். அதை உடைப்பது பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளைகள். இது எல்லாச் சமூகத்திலும் உள்ளது. டி.வி.எஸ். குடும்பத்திலும் மகன்களில் நால்வரின் வழிவந்த கிளைகள் பல நிறுவனங்களைத் தனித்தனியே நிர்வகித்து வந்தன. பங்குகளோ தலைமை நிறுவனத்தின் வழியாக எல்லாருக்கும் பொதுவாக இருந்தன. எவர் எதை நடத்துகிறாரோ அவரிடமே அதன் உரிமையும் இருக்க வேண்டும் எனக் குடும்பத்தார் கூடி எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொண்டது 2020-ஆம் ஆண்டு டிசம்பரில். அது 2022-இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் தொடங்கி நூறாண்டு கடந்த பின், நான்காம் தலைமுறையும் தொழிலுக்கு வந்துவிட்ட நிலையில் அப்பிரிவு நடந்தேறியது.

பிரிவதில் குற்றமில்லை. பிரியும் முறையில்தான் குடும்பத்தின் கண்ணியம் இருக்கிறது. சுந்தரம் அய்யங்கார் தம் வாழ்நாளிலேயே பொறுப்பை ஒப்படைத்தார் என்று முன்பு குறிப்பிட்டோம். தந்தை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பொறுப்பேற்றுப் பழகினால், தவறினால் திருத்த ஒரு கை இருக்கும். சாவிக்கொத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தந்தை இறந்தால், மறுநாள் அந்தச் சாவிக்காகத்தான் பிள்ளைகள் முதலில் சண்டையிடுவார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஜமாஅத் பெருமக்களே! இவ்வளவு நேரம் மதுரையைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீதிக்கு வருவோம்.

முதலாவதாக, நம் குடும்பங்களில் பல, இன்று யாரோ தந்த ஓர் அனுமதியின் மேல் நிற்கின்றன. அயல்நாட்டு விசா ஓர் அனுமதி. வாடகைக் கடையின் ஒப்பந்தம் ஓர் அனுமதி. ஒரு நிறுவனத்தின் முகவர் உரிமை ஓர் அனுமதி. இவற்றால் வரும் வருவாயை நாம் குறை கூறவில்லை. நம் ஊரின் வீடுகள் பல அவற்றால்தான் எழுந்தன. ஆனால் அனுமதி நின்றுபோகும் நாளில் நம் கையில் என்ன மிஞ்சும் என்று ஒவ்வொருவரும் இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தாண்டு அயல்நாட்டில் குளிரூட்டிப் பழுது பார்த்தவர், ஊருக்குத் திரும்பியதும் அந்த அறிவை மூட்டைகட்டிப் பரணில் வைத்துவிட்டு, அறியாத தொழிலில் சேமிப்பை எல்லாம் போடுகிறார். தாம் அறிந்ததிலிருந்து அடுத்த தொழிலைப் பெற்றெடுக்க முடியுமா என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும். நம் இளைஞர்கள் பட்டத்தோடு கைத்தொழில் ஒன்றையும் கற்கட்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பதைக் குறைவாக எண்ணும் மனப்போக்கை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோம்.

இரண்டாவதாக, நேரமும் கணக்கும். கடை திறக்கும் நேரம் என்று பலகையில் எழுதியிருப்பதும் கதவு திறக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். தைத்துத் தருவதாகச் சொன்ன நாளில் துணியைத் தந்துவிடுவோம். பெருநாளுக்கு முதல்நாள் இரவு வரை வாடிக்கையாளரை அலையவிடுவது நம் பெயரை நாமே அரிப்பதாகும். அன்றைய கணக்கை அன்றே எழுதுவோம். கணக்கு எழுதுவது கூட்டாளியை நம்பாததன் அடையாளம் என்று சிலர் கருதுகின்றனர். நம்பிக்கை நீண்ட நாள் நிலைப்பதற்காகவே கணக்கு எழுதப்படுகிறது. பிறர் பணம் நம் கையில் அமானிதமாக இருக்கும்போது ஏடு ஒன்றே நமக்குச் சாட்சி.

மூன்றாவதாக, பங்கு. அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடைகளில், எவர் பணம் எவ்வளவு, எவர் உழைப்புக்கு என்ன ஊதியம் என்பது எழுதப்படாமலேயே இருபது முப்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மருமக்கள் வந்து, பிள்ளைகள் வளர்ந்து, ஒருவர் மறைந்த பின் வழக்கு எழுகிறது. அவ்வழக்கு முதலில் வந்து நிற்கும் இடம் நம் ஜமாஅத் நிர்வாகத்தின் முன்னிலையே. அப்போது எடுத்துக் காட்ட ஏடு இல்லை. சாட்சி சொல்ல வேண்டியவர் கப்றில் இருக்கிறார். சகோதரியின் பங்கோ எவர் நினைவிலும் இருப்பதில்லை. தந்தையர் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளை உட்காரவைத்து, இரு பெரியவர்கள் முன்னிலையில் எழுதிவைப்பது சண்டைக்கு வழி திறப்பதாகாது, உறவைக் காப்பதாகும். இதற்கு உதவ ஊரில் உள்ள வழக்கறிஞரும் கணக்கு அறிந்தோரும் முன்வந்தால், அது ஜமாஅத்துக்குச் செய்யும் பெருந்தொண்டாக இருக்கும்.

பெருமக்களே! நம் கடைகளும் பட்டறைகளும் டி.வி.எஸ். நிறுவனம் போல வளர வேண்டும் என்று நாம் கூறவில்லை. எல்லாரும் அவ்வளவு பெரியவராக வேண்டியதுமில்லை. மூன்று சக்கர வண்டியில் பழம் விற்பவரும், ஒரே ஒரு வேன் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவரும் தம் பெயரை இந்த ஊரின் முன் வைத்தே தொழில் செய்கின்றனர். அந்த வேன் குறித்த நேரத்தில் வாசலில் வந்து நிற்குமானால், அதை ஓட்டுபவரும் இன்று நாம் பேசிய வரலாற்றில் பங்கு உடையவரே. நாளை காலை கடை திறக்கும்போது இன்று கேட்டவற்றுள் ஒன்றையேனும் நடைமுறைப்படுத்துவோம், இன்ஷா அல்லாஹ்.